எது வரைக்கும் போச்சு?

ஆன்-கால் பட்டியலில் முதன்முறையாகப் பெயர் ஏறியிருக்கும் இளம் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

இந்த வாரமோ அடுத்த வாரமோ, நடுநிசியில் உங்கள் போன் அடிக்கத்தான் போகிறது. எடுத்தால் மறுமுனையில் இரண்டே சொல்: “டிபி டவுன்.” கண்ணைக் கசக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறப்பீர்கள். வலைத்தளம் இருந்த இடத்தில் 500 என்ற எண் இருக்கும். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால், தரவுத்தளத்தோடு இணைப்பு ஏற்படுத்த முடியவில்லை என்று வெள்ளைத் திரையில் ஒற்றை வரி நிற்கும். வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் நிலவரம் கேட்டிருப்பார். அவருக்குக் கீழே மூன்று பேர் வெறும் கேள்விக்குறி போட்டிருப்பார்கள்.

இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அப்படி எழுப்பப்பட்ட இரவுகளை நினைத்துப் பார்த்தால், டிபி உண்மையிலேயே டவுனாக இருந்த இரவுகள் சொற்பம். பெரும்பாலும் அது தன் இடத்தில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆப்தான் அதனிடம் போய்ச் சேரவில்லை. ‘செத்துவிட்டது’ என்பதற்கும் ‘போய்ச் சேரவில்லை’ என்பதற்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் இருந்த நிறுவனத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றுவார்கள். அந்த முறை மாற்றியது நான். இரவு பத்து மணிக்கு மாற்றினேன்; பத்தரைக்குப் பார்த்தால் ஆப் எழவில்லை. இந்தப் பெயரில் ஒரு ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று லாக் சொன்னது. ஹோஸ்ட் பெயர் என்ற சொல்லைக் கண்டதுமே டிஎன்எஸ்தான் வில்லன் என்று தீர்ப்பெழுதிவிட்டேன். நெட்வொர்க் ஆட்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். எங்கள் பக்கம் எல்லாம் சரி என்றார்கள். நம்பவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறையும் செய்தேன். நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டேன். யாராவது பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்ற நப்பாசை.

பன்னிரண்டே முக்காலுக்கு எங்கள் டிபிஏ அண்ணன் போனில் வந்தார்.

“எது வரைக்கும் போச்சும்மா?”

“எதுண்ணா?”

“உன் கனெக்‌ஷன். கெளம்பி எது வரைக்கும் போச்சு? வாசல் வரைக்கும் போய் நின்னுச்சா, தெருவே தெரியாம அலையுதா? நீ போட்ட ஸ்கிரீன்ஷாட்டை நீயே ஒரு தடவை சத்தமாப் படி.”

படித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்று அது சொன்ன பெயர் எங்கள் சர்வரின் பெயரே இல்லை. முதலில் ஏதோ ஐந்து எழுத்து, அடுத்து ஒரு @ குறி, அதற்குப் பிறகுதான் எங்கள் சர்வரின் பெயர். அந்த ஐந்து எழுத்து, நான் பத்து மணிக்கு வைத்த கடவுச்சொல்லின் வால்.

நடந்தது இதுதான். இணைப்பு விவரங்களை ஒரே நீண்ட முகவரியாக எழுதுவது எங்கள் வழக்கம்: பயனர் பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல், @ குறி, ஹோஸ்ட். என் புதுக் கடவுச்சொல்லுக்குள்ளேயே ஒரு @ இருந்தது. போஸ்ட்கிரெஸின் நூலகம் முதலில் கண்ட @ குறியோடு கடவுச்சொல் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வீட்டு முகவரியாகப் படித்துவிட்டது. அந்த இடத்தில் %40 என்று எழுதியிருந்தால் இரவு நன்றாகத் தூங்கியிருப்பேன். இரண்டே கால் மணி நேரம் நான் தேடிய விடை, முதல் நிமிடத்திலேயே திரையில் அச்சாகியிருந்தது. நான் அதைப் பார்த்தேனே தவிர படிக்கவில்லை.

அண்ணன் கேட்ட கேள்வியை அன்றைக்குப் பிடித்துக்கொண்டவள் இன்று வரை விடவில்லை. உங்களுக்கும் அதையே கொடுக்க நினைக்கிறேன்.

ஒரு வலைச்செயலி தரவுத்தளத்தோடு பேசத் தொடங்கும் முன் சில காரியங்கள் வரிசையாக நடந்தாக வேண்டும். ஹோஸ்ட்டின் பெயர் ஓர் ஐபி முகவரியாக மாற வேண்டும். அந்த முகவரிக்குப் பாதை திறந்திருக்க வேண்டும். அங்கே சரியான போர்ட்டில் ஒருவர் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் வழக்கமாக 3306-இல் கேட்கும், போஸ்ட்கிரெஸ் 5432-இல். பிறகு உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் பொருந்த வேண்டும். நீங்கள் கேட்கும் டேட்டாபேஸ் அங்கே இருக்க வேண்டும், அதைத் தொடும் உரிமையும் உங்களுக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் இடறும்போது வெவ்வேறு செய்தி வரும். ஆகவே பிழைச் செய்தி என்பது திட்டு அல்ல. எந்தப் படி வரை ஏறினீர்கள் என்று சொல்லும் கணக்கு.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று வந்தால், லினக்ஸில் அதன் எண் 111, அது பாதி நல்ல செய்தி. அந்த இயந்திரம் உயிரோடு இருக்கிறது, பாதையும் திறந்திருக்கிறது. இந்தப் போர்ட்டில் இங்கே யாரும் இல்லை என்று அது பதிலே அனுப்பிவிட்டது. பெரும்பாலும் தரவுத்தளச் சேவை ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது, அல்லது 127.0.0.1 என்ற தன் சொந்த முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கடைசியில் சொன்னது ஆப் ஒரு சர்வரிலும் டிபி இன்னொரு சர்வரிலும் இருக்கும் இடங்களில் நிறைய நடக்கும். போஸ்ட்கிரெஸை நிறுவியதும் அது தன் வீட்டுக்குள் இருப்பவர்களோடு மட்டும்தான் பேசும். வெளியாரிடம் பேசச் சொல்லி நாம்தான் கான்ஃபிக்கில் எழுத வேண்டும்.

‘டைம்டு அவுட்’ வேறு சாதி. அதன் எண் 110. இங்கே மறுப்புகூட வருவதில்லை, மௌனம்தான். அனுப்பிய பொட்டலத்தை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும். கிளவுடில் என்றால் செக்யூரிட்டி குரூப்பைப் பாருங்கள். செய்தியைப் படிக்கும் முன்பே கடிகாரம் ஒரு துப்புக் கொடுத்துவிடும்: பிழை பட்டென்று வந்ததா, அரை நிமிடம் இழுத்து வந்ததா? பட்டென்று வந்தால் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள்.

மைஎஸ்கியூஎல்லில் 1045 வந்தால் நான் உள்ளூரச் சந்தோஷப்படுவேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். அப்படியென்றால் பெயர், பாதை, போர்ட் எல்லாம் சரி. வாசல் வரை வந்துவிட்டோம். பலர் இந்தச் செய்தியின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். கடைசியில், கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டதா என்பதற்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்று ஒரு சொல் இருக்கும். ‘யெஸ்’ என்றால் கடவுச்சொல் போனது, பொருந்தவில்லை. ‘நோ’ என்றால் உங்கள் ஆப் கடவுச்சொல்லை அனுப்பவே இல்லை. அதாவது அது கான்ஃபிக்கைப் படிக்கவில்லை, அல்லது அந்த என்விரான்மென்ட் வேரியபிளின் பெயரில் எழுத்துப் பிழை. ஒரு சொல்லில் தேட வேண்டிய இடமே மாறிவிடுகிறது. 1049 என்றால் அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. 1044 என்றால் அதைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை. 1130 என்றால் நீங்கள் வந்த இடத்திலிருந்து யாரையும் உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு.

கடைசி இரண்டும் புதியவர்களைக் குழப்பும். மைஎஸ்கியூஎல் ஆளைப் பெயரால் மட்டும் அடையாளம் காண்பதில்லை. பெயரையும் வந்த ஊரையும் சேர்த்தே காண்கிறது. லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து வரும் ‘ஆப்’ என்பவரும் பக்கத்து சர்வரிலிருந்து வரும் ‘ஆப்’ என்பவரும் அதற்கு இரண்டு வேறு ஆட்கள். ஒருவருக்குக் கொடுத்த உரிமை மற்றவருக்குச் சேராது. போஸ்ட்கிரெஸில் இதே வேலையைச் செய்யும் கோப்பை வரிசையாகப் படிப்பார்கள். முதலில் பொருந்திய வரியே தீர்ப்பு. அந்த வரியில் தோற்றால் அடுத்த வரிக்குப் போய்ப் பார்க்கும் பேச்சே இல்லை. நீங்கள் கஷ்டப்பட்டு எழுதிய சரியான விதி கடைசி வரியில் இருந்தால், அதை யாரும் படிக்கப் போவதில்லை.

இனி லோக்கல்ஹோஸ்ட். இந்தச் சொல்லைப் போல ஆளைக் கவிழ்த்த சொல் இந்தத் தொழிலில் இல்லை. எல்லாரும் அதை 127.0.0.1-க்கு இன்னொரு பெயர் என்று நினைக்கிறோம். யூனிக்ஸ் இயந்திரங்களில் மைஎஸ்கியூஎல் அப்படி நினைப்பதில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது நெட்வொர்க் பக்கமே போகாது; சாக்கெட் என்ற ஒரு கோப்பின் வழியாகப் பேசப் பார்க்கும். அந்தக் கோப்பு நீங்கள் எதிர்பார்த்த கோப்புறையில் இல்லையென்றால் பிஎச்பி 2002 என்று எண்ணைக் காட்டி, ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று சொல்லும். இதைப் பார்த்துவிட்டு ஆப்பின் கோப்புகளில் எது காணாமல் போனது என்று அரை நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும். காணாமல் போனது சாக்கெட். அதன் சரியான இடத்தைக் கான்ஃபிக்கில் கொடுங்கள், இல்லையேல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். பிஎச்பி நெட்வொர்க் மறுப்புக்கும் அதே 2002-ஐத்தான் காட்டும் என்பதால், எண்ணோடு நிற்காமல் அதற்குப் பின்னால் வரும் சொற்களையும் படிக்க வேண்டும்.

நோட்.ஜேஎஸ் எழுதுபவர்களுக்கு வேறொரு கதை. 2021-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து, லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு இயங்குதளம் எந்த முகவரியை முதலில் தருகிறதோ அதையே நோட் எடுத்துக்கொள்கிறது. பல இயந்திரங்களில் அது ::1 என்ற ஐபிவி6 முகவரி. தரவுத்தளமோ 127.0.0.1-இல் மட்டும் உட்கார்ந்திருக்கும். நேற்று வரை ஓடிய ஆப், ஒரு வரிகூட மாற்றாமல், பதிப்பை உயர்த்தியதும் நின்றுபோகும். பிழைச் செய்தியில் அந்த ::1 தெளிவாக நிற்கும். பார்க்கத்தான் கண் வேண்டும்.

டாக்கருக்குள் போனால் லோக்கல்ஹோஸ்ட்டின் பொருள் மறுபடியும் மாறும். அங்கே அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். டிபி வேறு கன்டெய்னரில் இருந்தால் அதன் சர்வீஸ் பெயரைத்தான் ஹோஸ்ட்டாக எழுத வேண்டும். டாக்கர் கம்போஸில் ஆப் டிபியைச் சார்ந்தது என்று வெறுமனே எழுதிவைத்தால், டிபி கன்டெய்னர் தொடங்கும் வரை மட்டுமே ஆப் காத்திருக்கும். டிபி தயாராகும் வரை அல்ல. அடுப்பைப் பற்றவைத்த உடனே இலையில் உட்காருவதைப் போல. ஹெல்த்செக் ஒன்றைச் சேர்த்து, அது தேறிய பிறகு ஆப் தொடங்கும்படி எழுதுங்கள். இன்னொன்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர்களுக்கு என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுக்கும் கடவுச்சொல், தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தடவைக்கு மட்டுமே செல்லும். பிறகு கோப்பில் எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே இருப்பது பழைய கடவுச்சொல்தான். 1045 வந்துகொண்டே இருக்கும். கண்ணெதிரே கான்ஃபிக் சரியாக இருக்கும்.

அந்தக் ‘கண்ணெதிரே’ என்ற சொல்லில்தான் அடுத்த பொறி. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கோப்பைத்தான் ஆப் படிக்கிறதா? லாரவெல்லில் கான்ஃபிக்கை கேஷ் செய்துவிட்டால் அதற்குப் பிறகு என்வி கோப்பை அது திறந்தே பார்ப்பதில்லை. உங்கள் டெர்மினலில் எக்ஸ்போர்ட் செய்த வேரியபிள் டெர்மினலோடு சரி. சிஸ்டம்டி தொடங்கும் சர்வீஸுக்கு அது தெரியாது. அதனால்தான் கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் விழுகிறது. குபர்நெட்டீஸ் சீக்ரெட் உருவாக்கும்போது எக்கோ கட்டளையைச் சாதாரணமாகப் பயன்படுத்தினால் கடவுச்சொல்லின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள், சரியாகவே தெரியும். நீளத்தை எண்ணிப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருக்கும்.

இந்தச் சந்தேகங்களை வெட்ட ஒரே வழி, ஆப்பை நடுவிலிருந்து எடுத்துவிடுவது. ஆப் ஓடும் அதே இயந்திரத்தில், அதே கன்டெய்னரில், அதே பயனராக உட்கார்ந்து, தரவுத்தளத்தோடு வரும் கட்டளைவழிக் கருவியால் அதே விவரங்களைக் கொடுத்து இணைந்து பாருங்கள். இணைந்தால் குற்றம் ஆப்பின் பக்கம். இணையாவிட்டால் ஆப்பைத் தொடாதீர்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து இணைகிறது என்பது சாட்சியே அல்ல. லேப்டாப் வேறு தெருவில் இருக்கிறது.

இது வரை சொன்னது வாசல் வரை போகாத கதைகள். எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே இடமில்லாமல் போகும் கதை தனி. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மைஎஸ்கியூஎல் மண்டபத்தில் இயல்பாக 151 இலை. போஸ்ட்கிரெஸில் 100, அதிலும் 3 இலை நிர்வாகிக்கென்று ஒதுக்கியது. பைத்தானில் எஸ்கியூஎல்ஆல்கெமி பயன்படுத்துகிறீர்கள் என்று வையுங்கள். அதன் இயல்பான பூல் 5 இணைப்பு, நெருக்கடியில் இன்னும் 10. ஆக ஒரு பிராசஸுக்கு 15. ஒரு சர்வரில் 4 வொர்க்கர், இரண்டு சர்வர்: 8 பிராசஸ், 120 இணைப்பு. மண்டபத்தில் உங்களுக்கு இருப்பது 97. சாதாரண நாளில் யாருக்கும் தெரியாது. தள்ளுபடி அறிவித்த அன்றைக்குக் கூட்டம் வரும்போது தெரியும். இந்தப் பெருக்கலை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதன் எண்கள் மூன்று வெவ்வேறு கோப்புகளில், மூன்று வெவ்வேறு ஆட்களின் பொறுப்பில் இருக்கின்றன.

எண்ணிக்கை போதுமானதாக இருந்தும் இலை கிடைக்காத சமயமும் உண்டு. சாப்பிட்டு முடித்தவர் எழாமல் கதை பேசிக்கொண்டிருப்பார். போஸ்ட்கிரெஸில் இணைப்புகளின் நடவடிக்கையைக் காட்டும் பட்டியலைப் பாருங்கள். ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்’ என்று பத்து இருபது பேர் உட்கார்ந்திருந்தால், உங்கள் நிரலில் எங்கோ டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிட்டு மூடாமல் போயிருக்கிறீர்கள். அதற்கு மருந்து மண்டபத்தைப் பெரிதாக்குவது அல்ல.

எதிர்த் திசையிலும் ஒன்று இருக்கிறது. யாரும் சாப்பிடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் மைஎஸ்கியூஎல் தானே எழுப்பி அனுப்பிவிடும். இயல்பான காத்திருப்பு 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம். அலுவலகப் பயன்பாட்டு ஆப் ஒன்று இரவு எட்டு மணிக்கு ஓய்ந்து காலை ஒன்பதுக்கு விழிக்கும். பூல் தன் கையில் இருப்பது உயிருள்ள இணைப்பு என்று நம்பி முதல் ஆளுக்குக் கொடுக்கும். அவருக்குப் பெரும்பாலும் 2006 வரும்: சர்வர் போய்விட்டது. அவர் ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடும். ஆகவே யாரும் புகார் எழுத மாட்டார்கள், எல்லாரும் காலையில் ‘ஒரு தடவை அப்படித்தான் வரும்’ என்று பழகிவிடுவார்கள். எட்டு மணி நேரத்துக்கு முன்பே இணைப்பைப் புதுப்பிக்கும்படியோ, கொடுக்கும் முன் ஒருமுறை தட்டிப் பார்க்கும்படியோ பூலில் ஒரு வரி எழுதினால் தீர்ந்துபோகும் விஷயம்.

இப்போது மடலை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, எடுத்த எடுப்பில் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். சில சமயம் அது வேலை செய்யும், ஆபத்தே அதில்தான். இணைப்புகளைப் பிடித்துவைத்திருந்தவர் யார், எந்த வினவல் மாட்டிக்கொண்டிருந்தது என்ற தடயம் எல்லாம் அதோடு அழிந்துவிடும், அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அதே போன் வரும். ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டுமென்றால், பிராசஸ் பட்டியலையும் கடைசி நூறு வரி லாக்கையும் ஒரு கோப்பில் எடுத்துவைத்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது, கதவைப் பிடுங்கி எறியாதீர்கள். அவசரத்தில் ஆப்புக்கு ரூட் பயனரைக் கொடுப்பது, எங்கிருந்தும் வரலாம் என்று % போட்டு உரிமை தருவது, ஃபயர்வாலில் 0.0.0.0/0 என்று திறந்துவிடுவது. மூன்றும் பிழையைப் போக்கும். ‘காலையில் மூடிவிடலாம்’ என்று சொல்லிக்கொள்வோம். காலையில் வேறு வேலை வந்துவிடும். 2017 ஜனவரியில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்களை ஆயிரக்கணக்கில் துடைத்துவிட்டு, பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று உள்ளே குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள். அவற்றில் எத்தனை கதவுகளைத் தூக்கக் கலக்கத்தில் யாரோ ஒருவர் தற்காலிகமாகத் திறந்துவைத்தாரோ.

மூன்றாவது, ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கை வைப்பதற்கு முன் எந்த இயந்திரத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதே 2017 ஜனவரியின் கடைசி நாளில் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே பின்னர் ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டார்கள். முதன்மைத் தரவுத்தளத்தின் நகல் பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்த பொறியாளர் ஓர் அமைப்பை உயர்த்தினார். போஸ்ட்கிரெஸ் மறுபடி எழ மறுத்தது. பார்த்தால் அதிகபட்ச இணைப்பு எண்ணிக்கை 8,000 என்று இருந்தது. அதை 2,000-ஆகக் குறைத்ததும் எழுந்தது. ஆனாலும் நகலெடுக்கும் கட்டளை ஒன்றும் சொல்லாமல் அப்படியே நின்றது. நகல் சர்வரின் கோப்புறையைக் காலி செய்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்தது முதன்மை சர்வரில். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. வழக்கமான பேக்கப் கோப்புகளைத் தேடினால் ஒன்றுமே இல்லை: தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது, தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்கள் யாரையும் வந்து சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு ஒரு காரியத்துக்காக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

அந்தப் பொறியாளரை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அவர் நிறுவனமும் சொல்லவில்லை. அந்தக் கதையில் என் மனதில் நிற்பது, நள்ளிரவில் களைத்துப்போன ஒரு மனிதர் ஒன்றன் பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போனதும், அடுத்த அடி எடுத்துவைக்கும் முன் ‘இப்போது எது வரைக்கும் வந்திருக்கிறோம்’ என்று நின்று பார்க்க யாரும் இல்லாமல் போனதும்தான்.

இதைப் படிக்கும் மேலாளர்களுக்கும் ஒரு சொல். வாட்ஸ்அப் குழுவில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழும் கேள்விக்குறிகள் எந்த இணைப்பையும் சரிசெய்ததில்லை. இரவில் ஒரு சின்னப் பெண்ணோ பையனோ தனியாக உட்கார்ந்திருந்தால், அனுபவமுள்ள ஒருவரைப் போனில் கூடவே இருக்கச் சொல்லுங்கள். அவர் கட்டளைகளைச் சொல்ல வேண்டியதில்லை. திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

தம்பி தங்கைகளே, வேலை முடிந்ததும் படுக்கப் போகும் முன் நான்கு வரி எழுதிவையுங்கள்: என்ன செய்தி வந்தது, எழுத்து மாறாமல், எது வரைக்கும் போயிருந்தது, எதை மாற்றினீர்கள், எதைத் தற்காலிகமாகத் திறந்துவைத்திருக்கிறீர்கள். மூன்று மாதம் கழித்து இதே பிழையில் மாட்டப்போகிறவர் அநேகமாக நீங்களேதான். அந்த நான்கு வரிக்காக உங்களுக்கே நீங்கள் நன்றி சொல்வீர்கள்.

எங்கள் டிபிஏ அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். நான் இப்போது அவர் இடத்தில் போனை எடுக்கிறேன். கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் சரி. ஆனால் எடுத்ததும் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும், விடையோடு கூப்பிடுங்கள்.

அன்புடன்,
பட்டியலில் உங்களுக்கு மேலே பெயர் உள்ள அக்கா

பி.கு.: ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடும் முன், அதில் கடவுச்சொல்லின் வால் தெரிகிறதா என்று பாருங்கள். அன்று இரவு ஒன்றரை மணிக்கு, நாற்பது பேர் பார்த்துவிட்ட ஒரு கடவுச்சொல்லை மறுபடியும் மாற்றிவிட்டுத்தான் நான் தூங்கப் போனேன். இரண்டாவது கடவுச்சொல்லில் @ இல்லை.